துப்பாக்கிக்கு ஒன்பது நாள், கிராஸ்போவுக்குப் பதினாறு வாரம்: மான் பருவப் பங்கீடு நியாயமா?

வடக்குவாசி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் முக்கியப் பருவம் ஒன்பதே நாள்தான். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை திறந்து, அடுத்த வார ஞாயிற்றுக்கிழமையோடு கடையைக் கட்டிவிடுவார்கள். 2025இல் அது நவம்பர் 22 முதல் 30 வரை. அதே வருடம் வில்லுக்கும், விசையை அழுத்தி எய்யும் கிராஸ்போவுக்கும் செப்டம்பர் 13இல் தொடங்கி ஜனவரி 4 வரை, பதினாறு வாரத்துக்கு மேல். குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் மஸில்லோடர் துப்பாக்கிக்காரர்களுக்கு டிசம்பர் 1 முதல் பத்து நாள் தனியாக.

வில்லுக்கு நீண்ட பருவம் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. வெண்வால் மானை முப்பது கஜத்துக்குள் வரவிட்டு, அதன் கண்ணில் படாமல் நாணை இழுத்து, அது பக்கவாட்டில் திரும்பும் வரை இழுத்த கையோடு நிற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கஷ்டம் அதிகம், அதனால் நாளும் அதிகம். இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது.

கிராஸ்போவுக்கு அதே கணக்கு எப்படிப் பொருந்தும்? பரணில் ஏறி உட்கார்ந்ததுமே நாணை இழுத்துப் பூட்டி வைத்துவிடலாம். தோளில் அண்டக் கொடுக்கக் கட்டை, விரலுக்கு விசை, மேலே ஸ்கோப். மான் வந்தபின் செய்ய வேண்டியது விசையை அழுத்துவது மட்டும். நல்ல கிராஸ்போவில் ஐம்பது அறுபது கஜம் சாதாரணம். 2014க்கு முன் இங்கே 65 வயதைக் கடந்தவர்களுக்கும் உடல்குறை உள்ளவர்களுக்கும் மட்டும்தான் அனுமதி இருந்தது. 2014இல் எல்லோருக்கும் திறந்தார்கள். சில வருடங்களிலேயே சாதா வில்லில் விழுவதைவிட கிராஸ்போவில் விழும் மான்கள் அதிகமாகிவிட்டன.

நாள் எண்ணிக்கையைக்கூட விடுங்கள், எந்த நாள் என்பதுதான் விஷயம். நவம்பர் முதல் இரண்டு வாரம் மான்கள் இணைசேரும் காலம். வருடம் முழுக்க இருட்டில் மட்டும் நடமாடும் பெரிய கொம்பு மான், அந்த நாள்களில் பட்டப்பகலில் பிணையை, அதாவது பெண்மானை, தேடி அலையும். நாங்கள் ரைபிளோடு காட்டுக்குள் போகும்போது அந்த வேகம் அடங்கிவிட்டிருக்கும். விருந்தில் கடைசிப் பந்தியில் உட்காரவைத்த மாதிரி.

ரைபிள், வில், கிராஸ்போ, எல்லாத் தரப்பும் சொல்லுங்கள்.

நாணேற்றி

வழிமொழிகிறேன், இன்னும் காரமாக.

இந்த மாநிலத்தில் வில்லுக்குத் தனிப் பருவம் சும்மா வந்துவிடவில்லை. 1934இல் இரண்டு கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், மட்டும் சோதனைபோலத் தொடங்கியது. வனவிலங்கு அறிஞர் ஆல்டோ லியோபோல்டே வில் வேட்டைக்காரர்தான். வில்லால் விழும் மான் குறைவு, காட்டுக்குத் தொந்தரவும் குறைவு என்று அந்தத் தலைமுறை வாதாடி வாங்கியது. அதன் பலனை இன்றைக்குக் கடையில் வாங்கி, மதியமே சுட்டுப் பழகி, சனிக்கிழமை பரணில் உட்காருபவருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டார்கள்.

கொலராடோவைப் பாருங்கள். அங்கே வில் பருவத்தில் கையால் இழுத்துப் பிடிக்கும் வில் மட்டும்தான். கிராஸ்போ வேண்டுமானால் ரைபிள் பருவத்தில் வா என்பார்கள். ஒரெகனில் கிராஸ்போ வேட்டைக்கே அனுமதி இல்லை. நியூயார்க்கில் 2014இல் அனுமதித்தபோது தென் மண்டலத்தில் வில் பருவத்தின் கடைசி இரண்டு வாரம் மட்டும் கொடுத்தார்கள்.

என் யோசனை: கிராஸ்போவை அக்டோபர் கடைசியோடு நிறுத்திவிட்டு, துப்பாக்கிப் பருவம் தொடங்கும்போது மறுபடி திறக்கட்டும். முதியவர்கள், உடல்குறை உள்ளவர்களுக்கு முன்பு இருந்த சலுகை அப்படியே முழுப் பருவமும் தொடரட்டும்.

பரண்மேல் பாண்டி

நாணேற்றி அண்ணே, உங்கள் வில் எப்படிப்பட்டது? மரத்தைச் செதுக்கி நீங்களே செய்ததா? கப்பி வைத்த காம்பவுண்ட் வில்தானே?

காம்பவுண்ட் வில்லுக்கு மிசௌரிக்காரரான ஹாலிஸ் வில்பர் ஆலன் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969இல் கிடைத்தது. 70களில் அது வேட்டைக்கு வந்தபோது நீள்வில்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இன்றைக்கு நீங்கள் என்னைச் சொல்வதை அப்படியே சொன்னார்கள். கப்பி வைத்த எந்திரம், இது வில்லே இல்லை, எங்கள் பருவத்தை விட்டு வெளியே போ என்று. 80 சதவீதப் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும் 70 பவுண்டு வில்லை முழுதாக இழுத்தபின் கையில் நிற்கும் பாரம் 14 பவுண்டுதான். அதன் மேல் ஒளிரும் ஊசிக்குறி, கயிற்றில் பார்வைத் துளை, மணிக்கட்டில் விசை, சட்டைப் பையில் லேசர் தூரமானி. இதையெல்லாம் தாண்டி வந்து நின்றுகொண்டு எனக்குப் பின்னால் கோடு போடுகிறீர்கள். ஒவ்வொருவரும் தம் குதிகாலுக்குப் பின்னால்தான் கோடு கிழிக்கிறார்கள்.

எனக்கு வலது தோள்பட்டையில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. இங்கே வேட்டை வில்லுக்குக் குறைந்தபட்ச இழுவிசை 30 பவுண்டு. அதை என்னால் இழுக்க முடியும், குளிரில் ஒரு நிமிடம் பிடித்து நிற்க முடியாது. ஊனச் சான்றிதழ் கேட்டுப் போனால் அந்த அளவுக்கு எனக்கு ஒன்றும் இல்லை. நடுவில் மாட்டியவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. ஐம்பது வயதுக்காரர்கள், ஒல்லியான பிள்ளைகள், பல பெண்கள். சலுகை என்று கைநீட்டிக் கேட்காமல் எல்லோரையும் போல லைசென்ஸ் எடுத்துப் போகிறோம்.

இன்னொன்று, இங்கே எழுதும் நம் ஆட்கள் பலருக்குப் பொருந்தும். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அதைத் துப்பாக்கிக் கடைக்காரருக்கு விளக்கி, தாளைக் காட்டி, விசா விஷயத்தில் ஒரு வரி தவறாகிவிடுமோ என்று பயந்து, வேண்டாம் சாமி என்று விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் கணக்கில் வில்லும் கிராஸ்போவும் துப்பாக்கியே இல்லை. அதனால் நானும் என் நண்பர்கள் சிலரும் கிராஸ்போ வழியாகத்தான் இந்தக் காட்டுக்குள் நுழைந்தோம்.

பொருநைக்கரை

ஊரிலிருந்து படிக்கிறேன், தெரியாமல்தான் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இங்கே 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபின் மானைத் தொட்டால் ஜெயில். அங்கே நாள் போதவில்லை என்று சண்டை போடுகிறீர்கள். மான் தீர்ந்துபோகாதா?

ஆராய்ச்சிமணி

நியாயமான கேள்வி தம்பி. இதற்குப் பதில் சொன்னால் மேலே நடக்கும் சண்டையும் பாதி விளங்கும்.

ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் துடைக்கப்பட்டுவிட்டன. சோளமும் சோயாவும் வயல் வயலாக விளைகின்றன. வெண்வால் மான் பெருகித் தள்ளுகிறது. பயிர் நாசம், சாலையில் கார் மோதல், காட்டில் இளம் மரக்கன்றுகளே தலையெடுக்காமல் மேய்ந்துவிடுவது என்று தொல்லைகள். இது போதாதென்று சிடபிள்யூடி என்ற மூளைநோய் 2002இல் விஸ்கான்சினில் கண்டறியப்பட்டது. ஆக, இங்கே அரசின் கவலை மான் குறைந்துவிடுமே என்பதல்ல, பல மாவட்டங்களில் போதுமான அளவு குறையவில்லையே என்பதுதான். பணமும் வேட்டைக்காரரிடமிருந்துதான் வருகிறது. லைசென்ஸ் கட்டணம் ஒருபக்கம். 1937ஆம் வருடச் சட்டப்படி ரைபிள், ஷாட்கன், தோட்டா விற்பனையில் 11 சதவீதம் வரி மறுபக்கம். வில், அம்புக்கும் அந்த வரி 70களில் சேர்ந்தது. எனவே நாங்கள்தான் காசு கட்டுகிறோம் என்று எந்தத் தரப்பும் தனியாக மார்தட்ட முடியாது.

இப்போது சண்டைக்கு வருகிறேன். மான் தொகையைத் தீர்மானிப்பது பிணைகள். ஓர் ஆண்மான் பல பிணைகளோடு சேரும். பத்து ஆண்மான்களை எடுத்தாலும் அடுத்த வருடக் குட்டிகள் பெரிதாகக் குறையாது. பத்துப் பிணைகளை எடுத்தால் குறையும். அதனால் வனத்துறை எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது கொம்பில்லா மானுக்குக் கொடுக்கும் டேக்குகளால்தான். டேக் என்றால் ஒரு மான் அடிக்க ஒரு அனுமதிச் சீட்டு. எந்த ஆயுதத்துக்கு எத்தனை நாள் என்பது பெரும்பாலும் உயிரியல் கேள்வியே இல்லை. நவம்பரில் நடமாடும் பெரிய கொம்பை யார் முதலில் பார்ப்பது என்பதுதான் கேள்வி. அது மனிதருக்குள் பங்கீடு. அதில் ஆராய்ச்சியாளர் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான்.

பிணை அடிக்கப் பதினாறு வாரமும் போதவில்லை என்று யாராவது இந்த இழையில் புகார் சொன்னார்களா? இல்லையே.

ஒஹாயோக்காரன்

எங்கள் மாநிலத்தில் கிராஸ்போ 1976லேயே வந்துவிட்டது. 80களின் தொடக்கத்திலிருந்து வில்லுக்கும் அதற்கும் ஒரே பருவம், செப்டம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி ஆரம்பம் வரை. துப்பாக்கிக்கு தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கள்கிழமை தொடங்கி ஒரு வாரம், டிசம்பரில் கூடுதலாக ஒரு வார இறுதி. மஸில்லோடருக்கு ஜனவரியில் நான்கு நாள். ரைபிளே ரொம்ப காலம் கிடையாது, ஷாட்கன்தான். கழுத்து ஒடுங்காத நேர்ச்சுவர் தோட்டா போடும் ரைபிளை 2014இல்தான் விட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகும் பெரிய கொம்பு மானுக்கு ஒஹாயோ பெயர்போன இடம். வெளிமாநிலத்தவர் வரிசைகட்டி வருகிறார்கள். கிராஸ்போ வந்தால் காடு காலியாகும் என்று அழுகிறவர்கள் ஒரு நடை வந்து பார்க்கலாம்.

காரணம் எளிது. எங்களுக்கு வருடத்துக்கு ஒரே ஒரு கொம்பு மான். வில்லோ, கிராஸ்போவோ, துப்பாக்கியோ, எதில் அடித்தாலும் ஒன்று. அக்டோபரில் அடித்துவிட்டால் நவம்பரில் உனக்குப் பெரிய மான் கண்ணெதிரே வந்து நின்றாலும் கைகட்டிப் பார்க்க வேண்டியதுதான். உங்கள் ஊரில் அப்படியா?

வடக்குவாசி

அப்படி இல்லை. இங்கே துப்பாக்கி லைசென்ஸோடு ஒரு கொம்பு மான் டேக். வில், கிராஸ்போ இரண்டுக்கும் சேர்த்துத் தனியாக இன்னொன்று. அதாவது கிராஸ்போவும் ரைபிளும் வைத்திருப்பவர் ஒரே வருடத்தில் இரண்டு கொம்பு மான் அடிக்கலாம். ரைபிள் மட்டும் வைத்திருப்பவருக்கு ஒன்றுதான், அதுவும் கடைசிப் பந்தியில். நான் சொல்வதற்கு இது இன்னும் வலு சேர்க்கிறது.

நாணேற்றி

ரைபிள்காரர்களுக்கு இருக்கும் வசதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. இங்கே துப்பாக்கிப் பருவத்தில் குழுவாகப் போகலாம். என் டேக்கை வைத்து என் மச்சான் அடிக்கலாம், அவர் டேக்கை வைத்து நான் அடிக்கலாம். ஐந்து பேர் குழுவில் குறிதவறாத ஒருவர் இருந்தால் போதும். வில்லிலும் கிராஸ்போவிலும் அது கிடையாது, அவரவர் டேக்குக்கு அவரவர்தான் அடிக்க வேண்டும். அப்புறம் காட்டில் கொஞ்சப் பேரை நிறுத்தி, மற்றவர்கள் மறுபக்கத்திலிருந்து மானைக் கலைத்து ஓட்டி வருவது துப்பாக்கிக்குத்தான் எடுபடும். 2013லிருந்து தெற்குக் கவுண்டிகளிலும் ரைபிள். முன்பு அங்கே ஷாட்கன் மட்டும்தான். ஒன்பது நாள் என்று அழும்போது அந்த ஒன்பது நாளில் எவ்வளவு மான் விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் மொத்தத்தில் பெரும்பங்கு துப்பாக்கிக்குத்தான்.

வடக்குவாசி

பெரும்பங்கு எங்களுக்குத்தான், மறுக்கவில்லை. ஆளும் நாங்கள்தானே அதிகம். தலைக்குத் தலை பார்க்க வேண்டும்.

ஆனால் அந்தத் தலைகள் குறைந்துகொண்டே வருகின்றன. 1990இல் துப்பாக்கி மான் லைசென்ஸ் 7 லட்சத்தை நெருங்கியது. இப்போது ஐந்தரை லட்சம் அளவில் நிற்கிறது. வடக்கே ஒரு காலத்தில் நவம்பர் கடைசி வாரம் என்றால் பள்ளிக்கூடமே காலியாக இருக்கும். அப்பா, மாமா, பிள்ளைகள் எல்லோரும் ஒரே மரவீட்டில் தங்கி, ஆரஞ்சுச் சட்டை போட்டு, ஊரே திருவிழாவாக இருக்கும். இப்போது மாமாவும் பிள்ளையும் அக்டோபரிலேயே தனித்தனியாகக் கிராஸ்போவில் அடித்துவிட்டு நவம்பரில் வீட்டில் இருக்கிறார்கள். என் வயிற்றெரிச்சல் கொம்பைப் பற்றியது மட்டும் இல்லை.

பரண்மேல் பாண்டி

கூட்டுக் கொண்டாட்டம் குறைவதற்குக் கிராஸ்போ காரணமா, பிள்ளைகள் மில்வாக்கிக்கும் மின்னியாபொலிஸுக்கும் வேலைக்குப் போய்விட்டது காரணமா? என்னைப் போன்றவர்களுக்கு அந்த மரவீடே கிடையாது. ஒன்பது நாளும் மேலாளர் விடுப்பு தரமாட்டார். தேங்க்ஸ்கிவிங் நாலு நாளும் வீட்டில் விருந்தாளிகள். பதினாறு வாரத்தில் எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போது ஒரு சாயங்காலம் பரணில் ஏறுவேன். நாள் அதிகம் என்பது நாள் முழுவதும் வேட்டையாடுகிறோம் என்றாகாது.

நகரத்தை ஒட்டிய பகுதிகளையும் நினையுங்கள். துப்பாக்கி வெடிக்கக் கூடாத இடங்களில் வில்லும் கிராஸ்போவும்தான் ஒரே வழி. வீட்டுத் தோட்டத்தை மேயும் மான்களை ஒன்பது நாள் ரைபிள் பருவம் ஒன்றும் செய்யாது.

கரிமருந்து

பென்சில்வேனியாவிலிருந்து. மஸில்லோடர்காரர்களான எங்கள் தரப்பைப் பாதி வரியில் முடித்துவிட்டீர்கள், பரவாயில்லை, நானே எழுதுகிறேன்.

ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்பார்களே, குழல் வாயில் கரிமருந்தும் ரவையும் கெட்டித்து வெடிப்பது, மஸில்லோடர் அடிப்படையில் அதுதான். ஒரு வெடி, தவறினால் மறுபடி கெட்டிக்க வேண்டும், மழை பெய்தால் பிராண அவஸ்தை. அந்தக் கஷ்டத்துக்காகத்தான் தனிப் பருவம். எங்கள் மாநிலத்தில் கிறிஸ்துமஸ் கழிந்து வரும் பருவத்தில் சக்கிமுக்கிக் கல் பொறியில் பற்றும் பழைய வகை மட்டும்தான். 1974இலிருந்து அப்படித்தான். பனியில், பசியோடு திரியும், ஏற்கனவே எல்லாப் பருவத்திலும் துரத்தப்பட்ட மான். அதற்கு நான் போகிறேன், யாரும் எனக்குப் பொறாமைப்படுவதில்லை.

1985இல் மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட் எம்கே-85 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தார். இன்லைன் என்ற வகை அதிலிருந்துதான் பரவியது. மருந்துக்கு நேர் பின்னால் பற்றவைப்பான், மழையிலும் வெடிக்கும், ஸ்கோப் மாட்டலாம். மருந்து மாத்திரை மாத்திரையாகக் கிடைக்கிறது, குண்டு பிளாஸ்டிக் உறையில் வருகிறது. நூற்றைம்பது கஜத்துக்குத் தாராளமாகப் போகும். பெயர் மட்டும் பழைய பெயர். மிசிசிப்பி எல்லோரையும் தோற்கடித்துவிட்டது. அங்கே ஆதிகால ஆயுதப் பருவம் என்று ஒன்று உண்டு. அதில் வெளியே சுத்தியல் தெரியும், ஒற்றை வெடி, குழல் விட்டம் 35 காலிபருக்கு (0.35 அங்குலம்) குறையாத, தோட்டாவைப் பின்புறம் போடும் ரைபிளையே அனுமதிக்கிறார்கள். அதற்கென்றே கம்பெனிகள் புது ரைபிள் செய்து விற்றன.

கொலராடோ நேர் எதிர். மஸில்லோடர் பருவத்தில் ஸ்கோப் கூடாது, மாத்திரை மருந்து கூடாது, பிளாஸ்டிக் உறை கூடாது. பார்த்தீர்களா, ஆயுதத்தின் பெயரை எழுதாமல் அதன் உறுப்புகளை எழுதினார்கள். கிராஸ்போவுக்கும் அதைச் செய்யலாமே. வில் பருவத்தில் கிராஸ்போ வேண்டுமா, சரி, ஸ்கோப்பைக் கழற்று. காம்பவுண்டும் வரட்டும், தூரம் அளந்து குறியைத் தானே நகர்த்தும் மின்னணு எதுவும் வேண்டாம். நாணேற்றியும் பாண்டியும் ஒரே நேரத்தில் முகம் சுளிப்பார்கள். இரண்டு தரப்பும் சுளித்தால் விதி ஏறக்குறையச் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

பரண்மேல் பாண்டி

ஸ்கோப்பைக் கழற்றினால் நான் குறைவான தூரத்தில் சுடமாட்டேன், மோசமாகச் சுடுவேன். வயதான கண்ணுக்கு முன்குறியும் பின்குறியும் சேர்ந்து தெரியாது. காயத்தோடு ஓடி நாலு நாள் கழித்துச் சாகும் மானுக்கு உங்கள் நியாயம் என்ன பயன்? கஷ்டத்தைக் கூட்டுகிறேன் என்று குறியைக் கெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். தூரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வேறு வழி தேடுங்கள்.

ஆராய்ச்சிமணி

பாண்டி சொல்வதில் ஒரு பாதி சரி. மறுபாதி, ஸ்கோப் வைத்தவர் அறுபது கஜத்திலிருந்து எண்பதுக்கு ஆசைப்படுவார். அம்பு அவ்வளவு தூரம் போவதற்குள் நாண் சத்தம் கேட்டு மான் குனிந்துவிடும். சத்தம் அம்பைவிட வேகமாகப் போகிறதே. வேகம் கூடிய கிராஸ்போவிலும் இது மாறவில்லை. காயம் இரண்டு பக்கமும் உண்டு.

என்னைக் கேட்டால் நாளையும் உறுப்பையும் விட்டுவிட்டு டேக்கைப் பிடியுங்கள். ஒஹாயோ வழி. ஆளுக்கு ஒரு கொம்பு மான், எந்த ஆயுதமானாலும். அப்போது கிராஸ்போக்காரர் நவம்பர் 5ஆம் தேதி சிறு கொம்பைப் பார்த்தாலும் விடுவார், ஏனென்றால் அதோடு அவர் வருடம் முடிந்துவிடும். அவர் விட்டது ரைபிள்காரர் பங்குக்கு வரும். பிணை டேக்குகளை இஷ்டத்துக்குக் கொடுங்கள். மாநிலத்துக்குத் தேவையே அதுதான்.

வடக்குவாசி

இது எனக்குச் சம்மதம். இரண்டு கொம்பு டேக்கில் ஒன்று போனால் எனக்கு நஷ்டமே இல்லை, நான் எடுப்பதே ஒன்றுதான். ஏப்ரலில், வேட்டை விதிகளில் மாநிலத்துக்கு ஆலோசனை சொல்லும் குடிமக்கள் அமைப்பான கன்சர்வேஷன் காங்கிரஸின் வசந்தகாலக் கூட்டம் ஒவ்வொரு கவுண்டியிலும் நடக்கும். அந்தக் கவுண்டிக்காரர் யார் வேண்டுமானாலும் தீர்மானம் கொண்டுவரலாம். ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போகிறேன். ஆலோசனைதான், சட்டமாகிவிடாது என்று தெரியும்.

நாணேற்றி

கொண்டுவாருங்கள், என் கவுண்டியில் அதே கேள்வி வந்தால் எதிர்த்துத்தான் வாக்களிப்பேன். வில்லில் ஒன்று, ரைபிளில் ஒன்று என்று என் அப்பா காலத்திலிருந்து எடுத்து வருகிறோம். கிராஸ்போ வந்து கெடுத்ததற்கு நான் ஏன் ஒரு டேக்கை இழக்க வேண்டும்? அவர்களுக்குத் தனி டேக் கொடுத்து, அதற்கு ஒதுக்கீடு வையுங்கள். தீர்ந்தது.

பரண்மேல் பாண்டி

தீரவில்லை அண்ணே, ஒதுக்கீட்டை யார் எண்ணுவது, எதை வைத்து எண்ணுவது?

நாணேற்றி

மானைப் பதிவு செய்யும்போதே என்ன ஆயுதம் என்று கேட்கிறார்களே, அதை வைத்துத்தான். சரி வடக்குவாசி, கருத்து வேறுபாடு இருக்கட்டும், செப்டம்பரில் உங்கள் நிலத்தில் வழக்கம்போலப் பரண் கட்டலாமா?

வடக்குவாசி

கட்டுங்கள். தெற்கு மூலை வேண்டாம், அந்தப் பக்கத்து நிலத்தில் மரம் வெட்டுகிறார்கள். ஓடைப் பக்கம் போடுங்கள்.